பட்டவருக்குக் கல் உண்டு, பிழைத்தவருக்கு?

1995 மே மாதம். ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 50ஆம் ஆண்டு விழா லண்டனில் நடக்கிறது. முக்கிய விருந்தினருக்கான கூடாரத்தின் வாசலில் இந்தியாவிலிருந்து வந்த முதியவர் ஒருவரை நிறுத்திவிட்டார்கள். உள்ளே விடவேண்டியவர்களின் பட்டியலில் அவர் இல்லை. விழா ஏற்பாட்டைக் கவனித்துக்கொண்டிருந்த பிரிகேடியர் ஒருவர் அந்தப் பக்கம் வந்தார். முதியவரின் இடது மார்பில் மங்கலான வெண்கலச் சிலுவை ஒன்று தொங்கியதைக் கண்டார். அதன்பின் யாரும் பட்டியலைப் புரட்டவில்லை.

அவர் உம்ராவ் சிங். இன்றைய ஹரியாணாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் பல்ரா என்ற கிராமத்தில் 1920இல் பிறந்தவர். மார்பில் இருந்தது விக்டோரியா கிராஸ், பிரிட்டிஷ் அரசு போர்வீரத்துக்குத் தரும் மிக உயர்ந்த பதக்கம். 1944 டிசம்பரில் பர்மாவில் ஓர் இரவில் அவர் செய்ததற்காகக் கிடைத்தது. அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தால் ஒன்று உறுத்தும். 85 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அந்த எழுத்துகளில் ஒரே ஓர் இரவு மட்டும் வாழ்கிறார். மற்றதெல்லாம் கடைசிப் பத்தியில் இரண்டு வரி.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வீரத்தை நினைவில் வைக்க நாம் கண்டுபிடித்த வடிவங்களே இறந்தவருக்காக வார்க்கப்பட்டவை. நம் நடுகற்களைப் பாருங்கள். இன்ன அரசனின் இன்ன ஆண்டு, இன்ன ஊரில் ஆநிரை கவர்ந்தபோது, இன்னாரின் மகன் இன்னான் பொருது 'பட்டான் கல்'. நான்கைந்து வரிதான். பட்டான், அதாவது செத்தான், என்ற சொல் வந்தால்தான் அது கல்லாகிறது. மாடுகளை மீட்டுக்கொண்டு உயிரோடு வீடு திரும்பியவனும் இருந்திருப்பான். விழுப்புண் ஆறி, தழும்போடு இன்னும் நாற்பது ஆண்டு வயல் உழுதிருப்பான். அவனுக்கு எந்தக் கல்லும் கிடையாது. செத்தவனின் கதையில் முடிவு தயாராக இருக்கிறது. பிழைத்தவனோ பிறகு சாப்பிட்டாக வேண்டும், பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டும், மருந்து வாங்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் கல்லில் வெட்டுவது?

உம்ராவ் சிங்கின் கல்வெட்டு என்று சொல்லத்தக்கது, 1945இல் பிரிட்டிஷ் அரசிதழில் வெளிவந்த பாராட்டுரை. முதலில் அதைப் பார்ப்போம்.

சண்டை நடந்தது கலாடன் பள்ளத்தாக்கில். கலாடன் என்பது பர்மாவின் சின் மலைகளில் பிறந்து, அந்நாட்டின் மேற்குக் கரைப் பகுதியான அரக்கான் வழியாக ஓடி அக்யாப் துறைமுகத்தில் கடலில் சேரும் ஆறு. அந்த ஊருக்கு இன்றைய பெயர் சிட்வே. 1944 கடைசியில் பிரிட்டிஷ் தரப்பு அரக்கானில் பெரும் தாக்குதலைத் தொடங்கியபோது, கலாடன் பள்ளத்தாக்கு வழியே தெற்கே இறங்கிக்கொண்டிருந்தது 81ஆம் மேற்கு ஆப்பிரிக்க டிவிஷன். வண்டி போகச் சாலை கிடையாது. சோறும் குண்டும் விமானத்திலிருந்து விழும். விழுந்ததை ஆப்பிரிக்கச் சுமையாட்கள் தலையில் வைத்துக் காட்டுக்குள் தூக்கிப் போவார்கள். ஹரியாணாக்காரர் ஒருவர் பர்மாவின் காட்டில், ஆப்பிரிக்கரோடு சேர்ந்து, பிரிட்டிஷ் அரசருக்காக ஜப்பானியரோடு மோதினார் என்றால் எங்கிருந்து எதுவரை அந்தப் போரின் வலை விரிந்திருந்தது என்று புரியும்.

உம்ராவ் சிங் அப்போது ஹவில்தார், வயது 24. இந்தியப் பீரங்கிப் படையின் 30ஆம் மலை ரெஜிமென்ட்டில் இருந்தார். முன்வரிசைப் பீரங்கி ஒன்றுக்கும் அதை இயக்கும் குழுவுக்கும் பொறுப்பாளர். டிசம்பர் 15 இரவு 16ஆம் தேதிக்குள் நகரும்போது, ஜப்பானியரின் 75 மில்லிமீட்டர் பீரங்கிகளும் மோர்ட்டார்களும் ஒன்றரை மணி நேரம் அந்த இடத்தைப் பொடித்தன. பிறகு இரண்டு கம்பெனி அளவு ஜப்பானியச் சிப்பாய்கள் பாய்ந்தார்கள். முதல் தாக்குதலிலேயே உம்ராவ் சிங் கையெறி குண்டுகளால் இரண்டு முறை காயம்பட்டார். இரண்டாம் தாக்குதலில் பீரங்கியின் கேடயத்துக்கு மேலே பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியை வைத்துத் தானே சுட்டார். எதிரி ஐந்து கஜ தூரத்துக்கு வந்துவிட்டிருந்தான். மூன்றாவது, நான்காவது தாக்குதல்களும் முறிந்தன. அதற்குள் குழுவில் அவரையும் இன்னும் இருவரையும் தவிர எல்லாரும் செத்தோ காயம்பட்டோ கிடந்தார்கள்.

கடைசித் தாக்குதல் வந்தபோது பக்கத்துப் பீரங்கி எதிரியின் கைக்குப் போய்விட்டது. தோட்டாவும் தீர்ந்துவிட்டது. பீரங்கியைத் தூக்கி நகர்த்தப் பயன்படும் கனத்த இரும்புத் தண்டு ஒன்று கைக்குக் கிடைத்தது. நம் ஊர்க் கடப்பாரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்தவர்களைக் கூவி அழைத்தபடி கைகலப்பில் இறங்கினார். நினைவிழந்து விழும்வரை அடித்தார். ஆறு மணி நேரம் கழித்து எதிர்த்தாக்குதலில் அந்த இடம் மீட்கப்பட்டபோது ஏழு பலத்த காயங்களோடு, அடையாளம் தெரியாத நிலையில், தன் பீரங்கிக்குப் பக்கத்தில் கிடந்தார். சுற்றிலும் பத்து ஜப்பானியர் பிணமாகக் கிடந்தார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 'கடப்பாரையால் பத்துப் பேரைக் கொன்றவர்' என்றுதான் பிற்காலச் செய்திகள் எழுதின. பாராட்டுரை அப்படிச் சொல்லவில்லை. மூவரை அவர் அடித்து வீழ்த்தியதைக் கண்டதாகச் சொல்கிறது. பத்துப் பேர் சுற்றிலும் கிடந்ததாகச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு. முதலாவது யாரோ கண்ணால் பார்த்தது, இரண்டாவது விடிந்தபின் எண்ணியது. விக்டோரியா கிராஸ் பரிந்துரை சாட்சிகளின் வாக்குமூலத்தோடு போகவேண்டிய ஒன்று. அதனால் அந்த மொழிக்கு ஒரு கணக்கன் குணம் உண்டு. பார்த்ததைப் பார்த்தது என்றும் கிடந்ததைக் கிடந்தது என்றும் எழுதும். கூட்டி எழுதும் வேலையை நாம்தான் செய்கிறோம். மூவர் போதாதென்று பத்தாக்கினால் வீரம் கூடுகிறது என்று நினைக்கிறோம். எனக்கென்னவோ அந்த மூன்றுதான் கனமாகத் தெரிகிறது. அந்த இருட்டில், செத்துக்கொண்டிருந்த ஒரு குழுவின் நடுவே, ஒருவர் இன்னொருவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பிறகு சொல்லவும் உயிரோடு இருந்திருக்கிறார்.

பீரங்கியைக் காக்க இத்தனை பேர் ஏன் சாக வேண்டும்? ஓடித் தப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காலாட்படை ரெஜிமென்ட்டுக்குக் கொடி இருக்கிறது. கொடி எதிரியிடம் போனால் மானம் போயிற்று. பீரங்கிப் படைக்குத் தனிக்கொடி என்று எதுவும் மரபில் இல்லை. பீரங்கியேதான் கொடி. அணிவகுப்பில் கொடிக்குச் செய்யும் மரியாதையைப் பீரங்கிக்குச் செய்வார்கள். இதில் வெறும் மானப் பேச்சு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. எதிரி கையில் சிக்கிய பீரங்கி அடுத்த அரை மணியில் நம்மை நோக்கித் திரும்பும். பாராட்டுரை கடைசியில் அதையும் பதிவு செய்கிறது: அந்தப் பீரங்கி கெடாமல் கிடைத்தது, அன்றே மறுபடியும் சுட்டது. இந்தியப் பீரங்கிப் படைக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா கிராஸ் இது என்பதால் அந்தப் படைக்குள் இந்தக் கதை இன்றும் பாடம்.

பதக்கத்தின் பின்கதையும் பீரங்கியோடுதான் பின்னியிருக்கிறது. கிரிமியப் போரில் ரஷ்யரிடம் பிடித்த பீரங்கிகளின் வெண்கலத்தில் விக்டோரியா கிராஸ் வார்க்கப்படுகிறது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உலோகத்தை ஆராய்ந்தவர்கள் அதில் சீனப் பீரங்கியும் கலந்திருப்பதாகச் சொல்கிறார்கள். பதக்கம் 1856இல் வந்தது. ஆனால் இந்தியச் சிப்பாய்க்கு அது 55 ஆண்டுகள் எட்டாக்கனி. கிழக்கிந்தியக் கம்பெனி 1837இலேயே தொடங்கியிருந்த 'ஆர்டர் ஆஃப் மெரிட்' உங்களுக்குப் போதும் என்று வைத்திருந்தார்கள். 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்த பிறகுதான் கதவு திறந்தது. மூன்றே ஆண்டில், 1914 அக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தின் ஹோலபெக் அருகே தன் இயந்திரத் துப்பாக்கிக் குழு முழுதும் மடிந்தபின் தனியாக நின்று சுட்ட குதாதாத் கான் அதை முதலில் பெற்ற இந்தியச் சிப்பாய் ஆனார். அவரும் பிழைத்தவர்தான்.

எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு மட்டுமே இந்தச் சிலுவை. அதே அளவு துணிவு எதிரி கண்ணில் படாத இடத்தில் வெளிப்பட்டால் ஜார்ஜ் கிராஸ். தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஒன்று இந்த இடத்தில் வருகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மின்யானோவில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தார். வெடிக்கப்போகும் கண்ணிமேல் தன் உடலைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காத்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். 'தம்பிகள்' என்று ராணுவத்தில் செல்லமாக அழைக்கப்படும் அந்தப் படை அவரை மறக்கவில்லை. அவர் பட்டவர், அவருக்குக் கல் உண்டு.

உம்ராவ் சிங்குக்கு வருவோம். 1945 அக்டோபரில் பக்கிங்ஹாம் அரண்மனையில் ஆறாம் ஜார்ஜ் அவருக்குப் பதக்கம் அணிவித்தார். அடுத்த ஆண்டே படையை விட்டு வந்தார். போருக்காகத் திரட்டப்பட்ட இந்திய ராணுவம் 25 லட்சம் பேரைத் தொட்டிருந்தது. போர் முடிந்ததும் பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சிப்பாய்க்கு ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டுச் சேவை வேண்டும். 1940இல் சேர்ந்து 1946இல் திரும்பியவருக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி. இந்திய கிராமங்களில் 'பட்டாளத்துக்குப் போய்வந்தவர்' என்று அழைக்கப்பட்ட எத்தனையோ கிழவர்கள் இரும்புப் பெட்டியில் நான்கைந்து பதக்கம், சுவரில் ஒரு மங்கிய போட்டோ, ஓய்வூதியம் இல்லை என்ற நிலையில் காலம் தள்ளியதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். உம்ராவ் சிங் 1948இல் மறுபடியும் படையில் சேர்ந்தார். 1965இல் சுபேதார் மேஜராக ஓய்வு பெற்று, பல்ராவில் தனக்கிருந்த சிறு நிலத்தில் விவசாயம் பார்த்தார்.

சுதந்திர இந்தியாவில் அவரைப் போன்றவர்களின் இடம் சங்கடமானது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம். அவர் போரிட்ட அதே 1944இல், அதே கலாடன் பக்கம், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தினரும் ஜப்பானியரோடு நின்று போரிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அந்தப் படையில் ஏராளம். விடுதலைக்குப் பின் தேசத்தின் நெஞ்சம் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகி பென்ஷன் திட்டத்தில் ஐஎன்ஏ வீரர்களும் இடம்பெற்றார்கள். அது நியாயமே. ஆனால் எதிர்வரிசையில் நின்ற கிராமத்து இளைஞன் இங்கே 'வெள்ளைக்காரன் சிப்பாய்' ஆனான். அங்கே பிரிட்டனில் 'காலனிக்காரன்' ஆனான். இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி, எந்த வீட்டிலும் பாய் விரிக்கவில்லை. பெரும்பாலோர் வயிற்றுப்பாட்டுக்காகவும் குடும்ப வழக்கத்துக்காகவும் சேர்ந்தவர்கள் என்பதும், அவர்களின் பகுத்தறிவை இன்றைய அரசியல் அளவுகோலால் அளப்பது எளிது என்பதும் தனியே எழுத வேண்டிய விஷயம்.

இந்திய அரசு அவரை அடியோடு மறந்தது என்று சொல்வதும் தவறு. 1983இல் கௌரவ கேப்டன் பதவியும் பத்ம பூஷணும் வந்தன. படைக்குள் மரியாதைக்குக் குறைவில்லை. தேசத்தின் பொதுநினைவு வேறு பதக்கத்தின் பக்கம் நகர்ந்திருந்தது, அவ்வளவுதான். 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்ட பரம் வீர் சக்கரம் இதுவரை 21 பேருக்குக் கிடைத்திருக்கிறது. அவர்களில் 14 பேர் பெற்றபோது உயிரோடு இல்லை. கல்லின் இலக்கணம் இங்கேயும் தொடர்கிறது. இரு காலத்தையும் ஒரே உடலில் தாங்கியவர் நந்த் சிங். பர்மாவில் 1944இல் விக்டோரியா கிராஸ், 1947 டிசம்பரில் காஷ்மீரின் உரிப் பகுதியில் மரணம், அதற்கு மகா வீர் சக்கரம். இரண்டையும் பெற்றவர் வேறு யாரும் இல்லை.

பணக் கதையைச் சொல்லாமல் பதக்கக் கதை முழுமையாகாது. விக்டோரியா கிராஸோடு ஆண்டுதோறும் ஒரு தொகை வரும். 1856இல் அது 10 பவுண்டு, அதுவும் அதிகாரிகள் அல்லாதவர்களுக்கு மட்டும். 1959இல் எல்லாருக்கும் 100 பவுண்டு என்று ஆக்கினார்கள். ஆக்கியவர்கள் அப்படியே மறந்தும் போனார்கள். 1995இலும் 100 பவுண்டுதான். அந்த ஆண்டு லண்டன் வந்த உம்ராவ் சிங், பிரதமர் ஜான் மேஜரைச் சந்தித்தபோது குறையை நேரிலேயே சொல்லிவிட்டார். அதே ஆண்டில் தொகை 1,300 பவுண்டாக உயர்ந்தது.

பதின்மூன்று மடங்கு என்றதும் தாராளம் போலத் தெரியும். ஆனால் 1959க்கும் 1995க்கும் இடையில் பிரிட்டனில் விலைவாசி ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு ஏறியிருந்தது. அதாவது 36 ஆண்டுகளில் கரைந்துபோனதை அப்படியே திருப்பி வைத்தார்கள், அதற்குமேல் பெரிதாக எதுவும் இல்லை. உண்மையான உயர்வு 2015இல் 10,000 பவுண்டு ஆனபோதுதான் வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. ஒரு பிரதமரின் கையைக் குலுக்கும் வாய்ப்புக் கிடைத்தால் பெரும்பாலோர் சிரித்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள். இவர் பென்ஷனைப் பற்றிப் பேசினார். ஐந்தாவது தாக்குதலில் தண்டைக் கையில் எடுத்த ஆளைவிட, இந்த ஆளைத்தான் என்னால் பக்கத்து வீட்டுக்காரராகக் கற்பனை செய்ய முடிகிறது.

விக்டோரியா கிராஸ்கள் ஏலத்தில் லட்சம் பவுண்டைத் தாண்டிப் போவது அபூர்வமல்ல. குடும்பங்கள் விற்றிருக்கின்றன, வாழும் காலத்திலேயே வீரர்களும் விற்றிருக்கிறார்கள். வீட்டுக் கூரை ஒழுகும்போது யாரையும் குறை சொல்ல முடியாது. உம்ராவ் சிங்கிடமும் கேட்டு வந்தார்கள். கையில் காசு தாராளமாக இல்லாத காலம் அது. மறுத்துவிட்டார். போரில் மாண்டவர்களின் மானத்துக்கு அது களங்கம் என்பது அவர் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தைக் கவனியுங்கள். என் பதக்கம், என் வீரம், என் ரத்தம் என்று அவர் பேசவில்லை. வைத்திருக்கும் பொருள் தன்னுடையது மட்டுமல்ல என்பதுபோலப் பேசியிருக்கிறார். பங்காளிகளின் கையெழுத்து இல்லாமல் பொதுச் சொத்தை விற்க முடியாதல்லவா, அந்த மாதிரி. கையெழுத்துப் போடவேண்டியவர்கள் கலாடன் கரையிலேயே தங்கிவிட்டார்கள்.

லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையை ஒட்டிய கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாலையில் 2002இல் நினைவு வாயில்கள் திறக்கப்பட்டன. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் நாடுகளிலிருந்து போன ஐம்பது லட்சம் பேருக்கான நினைவிடம் அது. பக்கத்தில் இருக்கும் சிறு சத்திரியின், அதாவது குவிமாட மண்டபத்தின், உட்கூரையில் விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் பெற்ற 74 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். மூன்று ஆண்டு கழித்து, 2005 நவம்பர் 21 அன்று, டெல்லி ராணுவ மருத்துவமனையில் உம்ராவ் சிங் இறந்தார். இந்தியாவில் வாழ்ந்த கடைசி விக்டோரியா கிராஸ் வீரர். பல்ராவில் அரசு மரியாதையோடு எரியூட்டினார்கள்.

அந்த இரவில் அவரோடு மிஞ்சி நின்ற இருவரின் பெயர் பாராட்டுரையில் இல்லை. மாண்ட பீரங்கிக்காரர்களின் பெயரும் இல்லை. ஒருவருக்கான பாராட்டுரையில் அதற்கு இடம் கிடையாது. யாங்கூனுக்கு வடக்கே தௌக்யானில் நிற்கும் ரங்கூன் நினைவுச் சின்னத்தின் தூண்களில், புதைத்த இடம் தெரியாமல் போன ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி இந்தியப் பெயர்கள். அன்று விடிந்தபின், ஆறு மணி நேரம் பிணங்களுக்கு நடுவே கிடந்த அந்தப் பீரங்கியை மறுபடியும் யாரோ துடைத்து, குண்டு போட்டு, குறிபார்த்துச் சுட்டிருக்கிறார்கள். அவர்கள் யார் என்றும் பாராட்டுரை சொல்லவில்லை.